கொழிஞ்சாம்பாறை பேக்கிங் கடை: சார்ஜாவுக்கு பெட்டி கட்டுற ஒரு டீச்சரோட ரிவ்யூ

சார்ஜால கிடைக்காத சாமான்னு இப்ப எதுவும் இல்லைங்க, இத முதல்லயே சொல்லிடறேன். ரோலா பக்கம் போனா முருங்கக்கீரை, சின்ன வெங்காயம், வாழப்பூ வரைக்கும் இருக்கு, லுலு சூப்பர் மார்க்கெட்ல கேரளா செவப்பு மட்ட அரிசி அஞ்சு கிலோ பை அடுக்கி வச்சிருக்கான், ஓணம் வந்தா வாழ இலையே கட்டு கட்டா வந்து எறங்குது. அப்படி இருக்க ஒவ்வொரு லீவுக்கும் ஊருக்கு வந்துட்டு போகும்போது எதுக்கு முப்பது கிலோவ தூக்கிட்டு போறீங்கன்னு என் வீட்டுக்காரரே கேப்பாரு. அதுக்கு பதில் பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறையில இருந்து வேலந்தாவளம் போற ரோட்டுல இருக்குற அந்த பேக்கிங் கடைதான். போர்டுல ஏதோ ஒரு பேரு இருக்கு, தமிழ்லயும் மலையாளத்துலயும் பெயிண்ட் அடிச்சிருக்கு, ஆனா அந்த பேர சொல்லி கேட்டா பக்கத்து டீக்கடைக்காரருக்கே தெரியாது, பேக்கிங் கடைன்னு கேளுங்க, கைய காட்டுவாங்க.

என்ன பத்தி ரெண்டு வரி சொன்னாதான் ரிவ்யூ புரியும். நான் பொறந்தது அதே பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலுகா, ரேஷன் கார்டு கேரளா, வீட்டுல தமிழு, பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். இப்ப சார்ஜால ஒரு இந்தியன் ஸ்கூல்ல டீச்சரு, என் ரெண்டு புள்ளைகளும் அதே ஸ்கூல்லதான் படிக்கிறாங்க, பெரியவ ஆறாவது, சின்னவன் ரெண்டாவது. வீட்டுக்காரர் வேல கோயம்புத்தூர்ல, அதனால அங்க நான்தான் அம்மா, நான்தான் அப்பா, நான்தான் கிளாஸ் டீச்சரு. ஸ்கூல் கேட்டுக்குள்ள நொழைஞ்சா புள்ளைங்களே என்ன மேம்னுதான் கூப்பிடணும், சின்னவன் ஒரு தடவ அசெம்பிளில எல்லார் முன்னாடியும் அம்மா ஷூ லேஸுன்னு கத்திட்டான், அன்னைல இருந்து ஸ்டாஃப் ரூம்ல எனக்கு பேரே அம்மா மேம்.

இந்த வாழ்க்கையில எல்லாத்தையும் முடிவு பண்றது காலை நேரம்தான். 2022 ஜனவரில சார்ஜா இருக்குற யுஏஇ நாட்டுல வார லீவ மாத்தினாங்க, மத்த எமிரேட்ஸ்ல வெள்ளி அரை நாள், சனி ஞாயிறு லீவு, சார்ஜால மட்டும் வெள்ளி சனி ஞாயிறு மூணு நாளும் லீவு. கேக்க சுகமாத்தான் இருக்கு, ஆனா அஞ்சு நாள் பாடத்த நாலு நாள்ல முடிக்கணும்ல, அந்த நாலு நாளும் அனுமார் வாலு மாதிரி நீண்டுகிட்டே போகும். ஸ்கூல் பஸ் விடியும் முன்னாடி வந்து நிக்கும், புள்ளைங்கள எழுப்பி, குளிப்பாட்டி, மூணு டப்பா கட்டி, நானும் பொடவ சுத்திட்டு ஓடணும். அந்த நேரத்துல தேங்கா துருவி சட்னி அரைக்க நான் என்ன அவதாரமா? அடுப்புல தோசக்கல்லு, பக்கத்துல பொடி டப்பா, ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய், முடிஞ்சுது. சாயங்காலம் வந்தா நோட்டு திருத்தணும், லெசன் பிளான் போடணும், பெரியவளுக்கு அரபிக் டெஸ்டு வேற, அங்க பிரைவேட் ஸ்கூல்ல ஒம்பதாவது வரைக்கும் எல்லா புள்ளைங்களுக்கும் அரபிக் கட்டாயம். அவ உக்காந்து படிக்கும்போது எனக்கு ஒரு எழுத்தும் புரியாது, ஊருக்கெல்லாம் சொல்லிக் குடுக்குற டீச்சரு சொந்த புள்ளைக்கு சொல்லிக் குடுக்க முடியாம முழிப்பேன். அப்ப அவளுக்கு என்னால குடுக்க முடிஞ்சது ஒரு கிண்ணத்துல சூடா ரசஞ்சோறும் பொரிச்ச கொண்டாட்டமும்தான், வத்தலுக்கு எங்க பக்கம் அந்த பேரு. அதனாலதான் பொடியும் வத்தலும் எனக்கு ஆடம்பரம் இல்ல, அதுதான் வண்டிய ஓட்டுற பெட்ரோலு.

சரி கடைக்கு வருவோம். ஷட்டர் ரெண்டு, உள்ள போனதும் இடது பக்கம் பெரிய இரும்பு வாணலில சிப்ஸ் போடுவாங்க, வலது பக்கம் பொடி, வத்தல், அப்பளம், ஊறுகா, நடுவுல ஒரு நீள மேசை, அதுமேல டேப்பு, சணல் கயிறு, மார்க்கர், சீல் பண்ற மெஷினு. நெலவாசல்ல உத்தரத்துல இருந்து ஒரு கொக்கி தராசு தொங்குது, அதுலதான் நம்ம பெட்டிய மாட்டி எடை போடுவாரு. அண்ணனும் அவங்க வீட்டு அக்காவும்தான் முழுசா பாத்துக்குறாங்க, கூட ஒரு பையன். அண்ணன் முன்னாடி துபாய்ல கார்கோ ஆபீஸ்ல வேல பாத்தவராம், அதனால ஏர்போர்ட் சமாச்சாரம் பூரா அத்துப்படி.

சாமான் எடுத்து மேசைல வச்ச ஒடனே அவரு கேக்குற மொத கேள்வி என்ன தெரியுமா, "இது யாரு திங்கறதுக்குங்க டீச்சர்?" விலைய சொல்ல மாட்டாரு, எவ்வளவு வேணும்னு கேக்க மாட்டாரு, யாரு திங்கறதுன்னுதான் கேப்பாரு. மொத தடவ எனக்கு கொஞ்சம் கடுப்பாதான் இருந்துச்சு, யாரு தின்னா இவருக்கு என்னன்னு. புள்ளைக்குன்னா காரம் கம்மி பண்ணி அரைச்சு தர்றேன்னாரு, ஸ்டாஃப் ரூமுக்குன்னா சின்ன பாக்கெட்டா போட்டு தர்றேன், ஒடச்சா அன்னைக்கே தீரணும், இல்லாட்டி நமுத்து போயிரும்னாரு. அவரு கேட்டதுல விஷயம் இருக்கு.

இப்ப நான் அந்த கடைய நம்பினதுக்கு காரணமான விஷயம். எங்க ஸ்கூல்ல நட் ஃப்ரீ ரூலு, கடல, முந்திரி, பாதாம் எதுவும் டிபன் பாக்ஸ்ல வரக்கூடாது. என் கிளாஸ்லயே ஒரு புள்ளைக்கு வேர்க்கடல ஒத்துக்காது, கடல பட்ட கைய தொட்டாலே ஒதடு வீங்கிரும், அவளுக்கு ஊசி மருந்து நர்ஸ் ரூம்ல தயாரா இருக்கு. நம்ம பக்கம் எல்லாம் பருப்பு பொடிலயும் இட்லி பொடிலயும் ஒரு கை கடலைய போட்டாதான் மணம்னு நெனைக்கிற ஊரு, சித்தூர் கெழக்கு பக்கம் பூரா கரிசல் மண்ணு, கடலைக்காடு வேற. அண்ணா கடல இல்லாத பொடி இருக்கான்னு கேட்டேன். வேற எந்த கடையா இருந்தாலும் ஓ இருக்கே, இந்தாங்கன்னு எடுத்து நீட்டி இருப்பாங்க. அவரு கொஞ்ச நேரம் மெஷின பாத்தாரு, அப்புறம் சொன்னாரு, "கடல போடாம அரைச்சு தர்றேங்க டீச்சர், அது பெரிய விஷயம் இல்ல. ஆனா அதே மெஷின்லதான் கடலையும் அரைக்கிறேன். உங்க புள்ளைங்க திங்கலாம், அந்த அலர்ஜி புள்ளைக்கு மட்டும் ஒரு வாய் கூட குடுத்தறாதீங்க." வியாபாரம் போனாலும் பரவால்லன்னு உண்மைய சொல்ற மனுசன். மறுநாள் காலைல அக்கா மெஷின கழட்டி கழுவி காய வச்சு, வேற எதையும் அரைக்கும் முன்னாடி துவரம்பருப்பு, உளுந்து, காஞ்ச மொளகா, பூண்டு, பெருங்காயம் மட்டும் போட்டு எனக்கு அரைச்சு குடுத்தாங்க. அப்படி கழுவினதுக்கு அப்புறமும் பாக்கெட்டு மேல மார்க்கர்ல "கடல மெஷின்"னு அவங்களே எழுதி விட்டாங்க. அத பாத்துதான் நான் டிபன்ல பொடி தோச வைக்கிற அன்னைக்கு சின்னவன அந்த புள்ளைக்கு எட்டத்துல ஒக்கார வைங்கன்னு அவன் மேம்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், லன்ச் டைம்ல ரெண்டு கிளாஸும் ஒரே ஹால்லதான்.

சிப்ஸ் பத்தி சொல்லாம இருக்க முடியாது. நேந்திரங்காய தோல் உரிச்சு மஞ்சத்தண்ணில போட்டு, நேரா வாணலி மேல வச்சு சீவுவாங்க, சீவின வட்டம் ஒவ்வொன்னா எண்ணெய்ல விழும். பாதி வெந்ததும் உப்பு மஞ்ச கரைச்ச தண்ணிய ஒரு கரண்டி ஊத்துவாங்க பாருங்க, சொர்ர்ர்ருனு ஒரு சத்தம், ரோட்டுல போற பஸ்ஸுக்கே கேக்கும், சின்னவன் அந்த ஒரு சத்தத்துக்காகவே வெயில்ல நின்னு காத்துட்டு இருப்பான். சத்தம் அடங்கினதும் எண்ணெய்ல இருந்து வாரி எடுத்துருவாங்க. முழுக்க தேங்கா எண்ணெய், பாமாயில் கலப்பு இல்ல, அத நான் வாசனைலயே சொல்லிருவேன். ஆனா விலை ஏறிப்போச்சு, 2025ல தேங்கா எண்ணெய் விலை கேரளால தாறுமாறா ஏறுச்சே, அதுக்கப்புறம் சிப்ஸ் விலையும் கூடவே ஏறி உக்காந்துருச்சு, எறங்கவே இல்ல. கோயம்புத்தூர்ல இத விட கொறைவா கிடைக்கும், கிடைக்குது, ஆனா அது வேற எண்ணெய்.

பேக்கிங்ல அவருக்கு ஒரு கணக்கு இருக்கு, அத கேட்டு தெரிஞ்சுக்கிட்டது எனக்கு வீட்டுலயும் உதவுது. பொடிக்கு மட்டும்தான் வேக்யூம், காத்த உறிஞ்சி எடுத்தா பொடி கல்லு மாதிரி ஆயிரும், இடமும் அடைக்காது, மணமும் போகாது. சிப்ஸுக்கு வேக்யூம் போட்டா உள்ள எல்லாம் பொடிஞ்சு போயிரும், அதனால காத்து வச்சு சீல் பண்ணணும், ஆனா ரொம்ப உப்பவும் விடக்கூடாது, ஏன்னா பிளைட்டு மேல போகப்போக உள்ள காத்தழுத்தம் தரையில இருக்குறத விட கொறையும், பாக்கெட்டு பலூன் மாதிரி வீங்கும், ஏற்கனவே உப்பி இருந்தா சீல் விட்டுரும். பாதிக்கு கொஞ்சம் மேல காத்து விட்டு ஒட்டுவாரு, ஒட்டின எடத்துலயே கால் அங்குலம் தள்ளி இன்னொரு தடவ ஒட்டுவாரு. நானும் சைன்ஸ் டீச்சர்தான், இத நேரா எட்டாவது புள்ளைங்களுக்கு காத்தழுத்தம் பாடத்துல எடுத்துட்டு போயி ஒரு பாக்கெட்ட காட்டினேன், பாடம் முடிஞ்சதும் உதாரணத்த புள்ளைங்களே தின்னு தீத்துட்டாங்க.

கொண்டாட்டம்னு இங்க சொல்ற வத்தல் ஐட்டங்கள் எல்லாம் கண்ண மூடிட்டு வாங்கலாம். மோர் மொளகா, பாவக்கா, வெண்டக்கா, சுண்டக்கா. மழ காலத்துல வத்தல் எப்படி காயும்னு கேப்பீங்க, பாலக்காட்டு கணவாய் காத்து எங்க பக்கம் அடிக்கிற அடில துணி கூட நிமிசத்துல காஞ்சுரும், கேரளாவோட மத்த பக்கம் கொட்டுற அளவுக்கு கொழிஞ்சாம்பாறை பக்கம் மழையும் கெடையாது. எடையும் இல்ல, ஒரு கிலோ வாங்கினா பெட்டில பாதி எடத்துக்கு பரப்பலாம், அதுக்கு நடுவுல கண்ணாடி சாமான் எதாச்சும் இருந்தா வச்சுக்கலாம்.

எனக்கு ரொம்ப புடிச்சது அவரு வேண்டாம்னு சொல்ற விஷயங்கள்தான். மட்ட அரிசி பத்து கிலோ கட்டுங்கன்னு கேட்டேன். "எதுக்குங்க டீச்சர், அங்கயே கிடைக்குமே, பத்து கிலோவுக்கு எடத்த குடுத்துட்டு அப்புறம் பொடிக்கு எடம் இல்லன்னு நிப்பீங்க"ன்னாரு. அரிசி விக்கிற கடைக்காரரு அரிசி வாங்காதீங்கன்னு சொல்றாரு பாருங்க. கணக்கு போட்டு பாத்தா சரிதான், எக்ஸ்ட்ரா லக்கேஜுக்கு கிலோவுக்கு குடுக்குற காசுல அங்கயே ரெண்டு கிலோ அரிசி வரும். எடைக்கு விலை ஜாஸ்தியா இருக்குற ஐட்டத்த மட்டும்தான் தூக்கணும்: ஏலக்கா, மொளகு, பொடி, வத்தல், கருப்பட்டி. அங்கத்த காசு திர்ஹம 1997ல இருந்து 1 டாலருக்கு 3.6725ன்னு கட்டி வச்சிருக்காங்க, அது அசையாது, நம்ம ரூபாதான் எறங்கிக்கிட்டே போகுது, அதனால சம்பளம் திர்ஹம்ல வாங்கிட்டு ரூபால வாங்குறதுல ஒரு லாபம் இருக்கறது உண்மைதான், ஆனா அந்த லாபத்த அரிசி மூட்டைல கொண்டு போயி கொட்டக்கூடாது.

சுவத்துல அட்டைல கையால எழுதின ஒரு லிஸ்டு தொங்குது, ரெண்டு பாஷைலயும். கசகசா கூடாது, யுஏஇல அது தடை, வெளையாட்டு இல்ல, கஸ்டம்ஸ்ல மாட்டினா போதைப்பொருள் கேஸ் ஆயிரும், குருமாக்கு ரெண்டு ஸ்பூன் கசகசா கொண்டு போறேன்னு யாரும் கெளம்பிராதீங்க. வெத்தலையும் கூடாது. கொப்பர தேங்கா செக்-இன் பெட்டில கூடாது, எண்ணெய் இருக்குறதால தானா தீ புடிக்க வாய்ப்புன்னு 2022ல நம்ம ஏர்போர்ட் செக்யூரிட்டி ரூல்லயே சேத்துட்டாங்க. கற்பூரமும் அப்படித்தான். பவர் பேங்க் பெட்டில போடக்கூடாது, கையிலதான் வச்சுக்கணும். ஊறுகாயும் மொளகாப்பொடியும் கைப்பைல வச்சா செக்யூரிட்டில எடுத்து வச்சுருவாங்க, அது பெட்டிக்குள்ள போகணும். அதுக்கு கீழ செவப்பு மார்க்கர்ல ஒரு வரி, இருமல் மருந்து, வலி மாத்திர இருந்தா டாக்டர் சீட்டு கூட வைக்கணும்னு. கோடீன் கலந்த சிரப்பு மாதிரி இங்க சாதாரணமா வாங்கற சிலது அங்க கட்டுப்பாட்டுல இருக்கு. புள்ளைங்களோட போற அம்மாமார் இத கண்டிப்பா படிங்க, ஏன்னா நம்ம பெட்டிலதான் அரை மெடிக்கல் ஷாப்பு இருக்கும்.

கடைல நிக்கிற கூட்டம் இன்னொரு தனி உலகம். ஜூலை ஆகஸ்டுல போனா பாதி பேரு டீச்சருங்க, நர்சுங்க. போன தடவ ஒரு பொண்ணு, பிஎட் முடிச்ச கையோட மொத வேல அஜ்மான்ல, பக்கத்து ஜெராக்ஸ் கடைல சர்டிபிகேட்ட லேமினேஷன் பண்ண கெளம்பிட்டா, நல்லா இருக்கும்லனு. அண்ணன் மேசைல இருந்தே கத்துனாரு, ஏம்மா லேமினேஷன் பண்ணாத, பின்னாடி முத்திர எங்க குத்துவாங்கன்னு. ஒரே முத்திரைய சேந்த நாடுங்க எல்லாம் ஏத்துக்கற அப்போஸ்டில் ஒப்பந்தத்துல யுஏஇ இல்ல, அதனால நம்ம சர்டிபிகேட்டு ஸ்டேட்ல ஒரு தடவ, டெல்லி வெளியுறவு அமைச்சகம் ஒரு தடவ, அப்புறம் அவங்க எம்பசி, அங்க போயி அவங்க அமைச்சகம்னு ஊர்வலம் போகணும், கேரளா யுனிவர்சிட்டி சர்டிபிகேட்டுன்னா வெளிநாட்டுல இருக்கற மலையாளிகளுக்கான கேரள அரசு ஆபீஸ் நோர்க்கா ரூட்ஸ்ல ஆரம்பிக்கலாம். இத எல்லாம் அந்த பொண்ணுக்கு சிப்ஸ் வறுபட்டு வர்ற நேரத்துல நானும் இன்னும் ரெண்டு டீச்சரும் சேந்து சொல்லி முடிச்சோம். அக்கா அதுக்கு நடுவுல எனக்கும் ஒரு யோசனை சொன்னாங்க, "ஏனுங்க டீச்சர், சாயங்காலம் டியூஷன் எடுத்தா என்ன, அங்க நல்ல காசாமே?" நான் சொன்னேன் அக்கா அங்க பர்மிட் இல்லாம டியூஷன் எடுத்தா ஃபைன், 2023 டிசம்பர்லதான் பிரைவேட் டியூஷனுக்குன்னு தனி பர்மிட்டே கொண்டு வந்தாங்க, அத வாங்கிட்டா எடுக்கலாம், ஆனா எனக்கு சொந்த வீட்டு டியூஷனே ராத்திரி பத்து வரைக்கும் ஓடுதேன்னு. சிரிச்சுட்டே ஒரு கைப்பிடி சர்க்கர வரட்டிய புள்ளைங்க கையில திணிச்சாங்க.

அந்த சர்க்கர வரட்டிக்கு எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒரு ரசிகர் மன்றமே இருக்கு. எகிப்துக்காரங்க ஒரு அரபிக் டீச்சர், பெரியவளுக்கு பாடம் எடுக்குறவங்க, சுக்கு வெல்லம் போட்ட அந்த வாழக்காய் துண்ட மொத தடவ வாய்ல போட்டுட்டு கண்ண மூடிட்டாங்க, இப்ப லீவு முடிஞ்சு போனா என்ன விட்டுட்டு என் பையதான் தேடுவாங்க. அதுக்காக பெரியவளுக்கு மார்க்கு ஒன்னும் கூடல, அது வேற விஷயம்.

கொறைய சொல்லணும்ல. ஊறுகா. ருசி அருமை, கடுமாங்கா எல்லாம் எங்க பாட்டி போட்ட மாதிரியே இருக்கும், ஆனா டப்பா மட்டம். மூடிக்கு உள்ள ஒரு ரப்பர் வளையம் கூட கெடையாது, டேப்ப நாலு சுத்து சுத்தி பாலித்தீன் கவர்ல போட்டு குடுக்குறாரு, அது போதும்னு சாதிக்கிறாரு. போதாது. போன வருசம் பெட்டிக்குள்ள எண்ணெய் கசிஞ்சு புள்ளைங்களோட புது டிரஸ்ஸு, பள்ளிக்கு வச்சிருந்த சார்ட் பேப்பரு எல்லாம் மஞ்சளாச்சு, அந்த சார்ட்டுல நான் ராத்திரி கண்ணு முழிச்சு வரைஞ்ச மனுச இதயம் இருந்துச்சு, அது கடுமாங்கா வாசனையோட செவுத்துல தொங்குச்சு அந்த டெர்ம் பூரா. சொன்னதுக்கு அடுத்த தடவ ஒரு டப்பா ஊறுகா சும்மா குடுத்தாரு, அது சரி, ஆனா அதே டப்பாலதான குடுத்தாரு! ஊறுகா வாங்குறதா இருந்தா வீட்டுல இருந்து நல்ல எவர்சில்வர் தூக்கோ, லாக் மூடி டப்பாவோ கொண்டு போயி அதுல நெரப்பி வாங்குங்க, எடை கழிச்சுதான் போடுவாரு, அதுல ஏமாத்த மாட்டாரு.

அப்புறம் அந்த கொக்கி தராசு. ஏர்போர்ட்டு தராசுக்கும் அதுக்கும் எப்பவும் அரை கிலோ வித்தியாசம் வருது, அங்க ஜாஸ்தியா காட்டும். அதனால இங்க எடை போடும்போதே ஒரு கிலோ கொறைச்சு கட்டுங்க. ஒரே பெட்டில எல்லாத்தையும் அமுக்காதீங்க, டிக்கெட்ல நாப்பது கிலோ இருந்தாலும் ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல போனா ஏத்த மாட்டாங்க. அட்டப்பெட்டிய சணல் கயிறு போட்டு கட்டுறதுல அண்ணன் கெட்டி, ஆனா துபாய் ஏர்போர்ட் வழியா போறவங்க கவனிங்க, அங்க 2017ல இருந்து உருண்டையா கோணல்மாணலா இருக்குற மூட்டைய எடுக்க மாட்டாங்க, பெட்டிக்கு ஒரு பக்கமாவது தட்டையா இருக்கணும். சாக்குல உருட்டி தர்றேன்னு அந்த பையன் சொன்னா வேண்டாம்னுருங்க.

இன்னொன்னு, கார்கோல அனுப்பி விடுறேன்னும் சொல்லுவாரு, அவருக்கு தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருக்காரு. ஒரு தடவ நான் புள்ளைங்களோட தமிழ் புஸ்தகத்தையும் கொஞ்சம் வத்தலையும் அப்படி அனுப்பினேன், புஸ்தகம் வர்றதுக்குள்ள டெர்மே முடிஞ்சு போச்சு. கூட வர்ற பெட்டில வச்சு எடுத்துட்டு போறதுதான் நல்லது. புஸ்தகத்துக்கு இப்ப எனக்கு வழி இருக்கு, தமிழ் இணையக் கல்விக்கழகம் வெப்சைட்டுல பாடம் இருக்கு, தேவையானத பிரிண்ட் எடுத்து வெள்ளிக்கிழம லீவுல ஒக்கார வச்சு படிக்க வைக்கிறேன். வத்தலத்தான் பிரிண்ட் எடுக்க முடியல.

கெளம்புற அன்னைக்குன்னு ஒரு ஐட்டம் இருக்கு, அத மட்டும் விட்டுறாதீங்க. முந்தின நாளே சொல்லி வச்சா அண்ணன் ராமசேரி இட்லி வரவழைச்சு குடுப்பாரு. ராமசேரி இங்க இருந்து பாலக்காடு போற வழிலதான், எலப்புள்ளி பக்கம், அங்க சில முதலியார் குடும்பங்கதான் தலைமுறையா போடுறாங்க, மண் பானை வாய்ல நூல் வலை கட்டின வளையம், அதுமேல துணி, அதுல மாவ ஊத்தி வேக வைப்பாங்க, தோச மாதிரி தட்டையா பஞ்சா இருக்கும். ரெண்டு நாள் வெளிய வச்சாலும் கெடாது. கோயம்புத்தூர் சார்ஜா பிளைட்டுக்கு நடுராத்திரில ஏர்போர்ட்டுல ஒக்காந்திருக்கும்போது பசின்னு புள்ளைங்க ஆரம்பிக்கும்ல, அப்ப பொடியும் தேங்கா எண்ணெயும் தடவி இலைல மடிச்ச அந்த இட்லிய பிரிச்சா போதும், பெரியவ ஊர விட்டு போறோம்னு மூஞ்சிய தூக்கி வச்சிருந்தவ ரெண்டாவது இட்லிக்கு அவளே கைய நீட்டுவா. மிச்சம் இருக்குறது மறுநாள் ஸ்கூல் டிபனுக்கும் ஆகும், வந்து எறங்கின ஒடனே அடுப்ப பத்த வைக்க தேவை இல்ல.

மார்க்கு போடச் சொன்னா பொடிக்கும் வத்தலுக்கும் அஞ்சுக்கு அஞ்சு, சிப்ஸுக்கு நாலர, விலைக்காக அரைய கொறைச்சேன், ஊறுகா டப்பாக்கு ஒன்னு, அதுவும் எழுத்து அழகா இருக்குன்னு போடுற கருணை மார்க்கு. ஞாயித்துக்கிழம பாதி நாள்தான், மத்த நாள்ல காலைல சீக்கிரம் போனா மெஷின் சுத்தமா இருக்கும், கடல இல்லாத பொடி வேணும்னா முந்தின நாளே போன் பண்ணி சொல்லிருங்க, நேரா போயி நின்னா அரைச்சு தர மாட்டாங்க. ஓணத்துக்கு முந்தின வாரம் அந்த பக்கமே போகாதீங்க, உள்ளூர் கூட்டம் ஒரு பக்கம், கல்ஃப் கூட்டம் ஒரு பக்கம், சிப்ஸ் வாணலிய விட்டு எறங்கும் முன்னாடியே வித்துரும், அண்ணனுக்கும் அன்னைக்கு கேள்வி கேக்க நேரம் இருக்காது. ஜிபே எடுக்குறாரு, கார்டு எடுக்க மாட்டாரு, என்ஆர்ஐ அக்கவுண்டு யுபிஐ சில சமயம் அங்க சிக்னல் இல்லாம சுத்திக்கிட்டே இருக்கும், கையில கொஞ்சம் ரொக்கம் வச்சுக்குங்க. வண்டி நிறுத்த எதிர்ல புளியமரத்தடில எடம் இருக்கு, கடை முன்னாடி நிறுத்தினா வேலந்தாவளம் பஸ்ஸுக்காரரு ஹாரன் அடிச்சே காத கிழிச்சுருவாரு.